காவலர்கள் நிற்கும் இடம்
(பெருங்குடல் புற்றுநோயும் நம் வெள்ளை அணுக்களும்)

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைத்து வாங்கிக்கொண்டு, வாழையிலைக் கட்டும் கையுமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அத்திம்பேரிடமிருந்து போன் வந்தது. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது அவருக்கு.

"ரிப்போர்ட் வந்துடுத்துடா. லிம்ஃப் நோடு 16 எடுத்துப் பார்த்தாளாம், ஒண்ணுலயும் இல்லையாம். ஆனா கடைசியில ஒரு வரி எழுதியிருக்கா. கட்டியோட விளிம்புல லிம்ஃபோசைட் நெருக்கமாக் குவிஞ்சு கிடக்காம். இது என்ன புதுசா? சீழ் வெச்சிருக்கா? இல்ல, அதுவும் பரவற வழிதானா? நீ இன்ஜினியர் ஆச்சே, அர்த்தம் சொல்லு."

முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தோடும் ஜல்லியோடும் குடும்பம் நடத்தியவன் நான். டிப்ளமா படிப்பு. லிம்ஃபோசைட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் எங்கள் குடும்பத்தில் 'இன்ஜினியர்' என்றால் மிக்ஸி ரிப்பேரிலிருந்து வருமான வரி வரை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். அவருடைய டாக்டரிடம் கேட்டது, மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு நண்பரிடம் கேட்டது, பிறகு நானே தேடிப் படித்தது எல்லாம் சேர்ந்து இந்தக் கட்டுரையாகிவிட்டது. பிழை ஏதும் இருந்தால் பொறுப்பு என்னுடையது.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வரி கெட்ட செய்தி அல்ல. அந்த ரிப்போர்ட்டிலேயே மிக நல்ல வரிகளில் அதுவும் ஒன்று.

ஏன் என்று புரிய, நோய் எந்த வழியில் பயணம் செய்கிறது என்று பார்க்க வேண்டும். பெருங்குடலின் உட்சுவரில் காளான் குடைபோல ஒரு சிறு வளர்ச்சி தோன்றுகிறது. பாலிப் என்பார்கள். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் கிடக்கும். சில மட்டும், பத்து வருஷம் போல எடுத்துக்கொண்டு, புற்றாக மாறுகின்றன. கட்டி குடலுக்குள்ளேயே இருக்கும்வரை அறுத்தெடுத்துவிடலாம். ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த முதல் கட்டி அல்ல; அதிலிருந்து கிளம்பிப் போய் வேறிடத்தில் குடியேறும் அணுக்கள்தான். நோயைக் கண்டுபிடிக்கும் நாளிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது வேறு உறுப்புக்குப் போய்விட்டிருக்கிறது.

போகும் பாதை இரண்டு. ஒன்று நிணநீர்ப் பாதை. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நெறிதான் லிம்ஃப் நோடு. குடலை ஒட்டியும் அத்தகைய கணுக்கள் வரிசையாக இருக்கின்றன. ஆபரேஷனில் குறைந்தது 12 கணுவாவது எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அத்திம்பேருக்கு 16 எடுத்திருந்தார்கள். இன்னொன்று இரத்தப் பாதை. ஹௌராவிலிருந்து சென்னைக்குப் போகிற வண்டியும் சரி, மும்பைக்கு நம் தென்கிழக்கு ரயில்வே வழியாகப் போகிற வண்டியும் சரி, கரக்பூரைத் தொடாமல் போக முடியாது அல்லவா? அதுபோலப் பெருங்குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் முழுவதும் முதலில் கல்லீரல் என்ற ஜங்ஷனுக்குத்தான் போய்ச் சேருகிறது. அதனால்தான் இந்த நோய் பரவும்போது முதலில் கல்லீரலைப் பிடிக்கிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஒரு பைபாஸ் லைன் உண்டு; அது நேரே நுரையீரல் பக்கம் போகும்.

பாதை இருந்தால் போதுமா? 1889-இல் லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற அறுவை மருத்துவர் மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் படித்துவிட்டு, புற்று அணு விதை மாதிரி, உறுப்பு நிலம் மாதிரி என்றார். விதை எங்கும் பறக்கும். ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். அந்த மண்ணைப் பண்படுத்துவது யார், பாழ்படுத்துவது யார் என்ற கேள்விக்கு வெகு காலம் விடை இல்லை. இப்போது தெரிகிற விடையில் பெரும் பங்கு நம் வெள்ளை அணுக்களுக்குத்தான்.

வெள்ளை அணுக்கள் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அவை பல ஜாதி. 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினா ஊர்க் கடற்கரையில் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப் ஒரு நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக்கொண்டு அதை விழுங்கப் பார்த்தன. அந்த விழுங்கும் ஜாதியில் பெரியவற்றுக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயர். அவருக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவை தவிர, முதலில் ஓடி வந்து சண்டை போட்டுச் சாகும் நியூட்ரோஃபில், ஆளை அடையாளம் பார்த்துக் கொல்லும் டி செல், அந்த டி செல்லையே அடக்கி வைக்கும் இன்னொரு வகை டி செல் என்று பெரிய பட்டாளம். அடக்கி வைக்கும் வகையைப் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்குக் கிடைத்தது.

புற்றுக்கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன என்பது 1863-லேயே ஜெர்மானியர் வீர்ஹோவின் கண்ணில் பட்டுவிட்டது. அவை அங்கே என்ன செய்கின்றன என்பதில்தான் குழப்பம். காவல் காக்க வந்தவையா, திருடனுக்குக் கை கொடுக்க வந்தவையா? இரண்டும் உண்மை என்பதுதான் வேடிக்கை.

கை கொடுக்கும் கதையை ரயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன். பாதையில் ஓரிடம் பழுதாகிவிட்டால் கேங் அங்கே போய் இறங்கும். காஷன் ஆர்டர் கொடுத்து வண்டிகளை மெதுவாக விடுவோம். கேங் ஜல்லியைக் கிளறும், ஸ்லீப்பரை மாற்றும், சாமான் கொண்டுவர ஒற்றையடிப் பாதை போடும். வேலை முடிந்ததும் கிளறியதை இறுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். உடம்பில் காயம் பட்டாலும் இதேதான் நடக்கிறது. மேக்ரோஃபேஜ்கள் வந்து இறங்குகின்றன, சேதமான திசுவைக் கரைக்கின்றன, புது இரத்தக் குழாய் முளைக்கச் சொல்கின்றன, காயம் ஆறியதும் அடங்குகின்றன. புற்றுக்கட்டியோ ஆறாத காயம்போல வேஷம் போடுகிறது. ஹரால்ட் டுவோராக் என்ற அமெரிக்க மருத்துவர் 1986-இல் இதை விளக்கி எழுதினார். 'இன்னும் பழுது, இன்னும் பழுது' என்று கட்டி தந்தி அடித்துக்கொண்டே இருக்கிறது. கேங் கிளம்பவே இல்லை. ஜல்லியைக் கிளறிக்கொண்டே இருக்கிறது, புதுக் குழாய் போட்டுக்கொண்டே இருக்கிறது. கிளறிய இடத்தின் வழியாகப் புற்று அணு நழுவுகிறது. புதுக் குழாய் வழியாக வண்டி ஏறுகிறது. மார்பகப் புற்று உள்ள எலிகளில், மேக்ரோஃபேஜும் புற்று அணுவும் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு இரத்தக் குழாயை நோக்கி நகர்வதை மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்திருக்கிறார்கள்.

பெருங்குடலில் இந்தக் கணக்கு அவ்வளவு நேர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கட்டியின் விளிம்பில் மேக்ரோஃபேஜ் அதிகம் இருந்தால் நோயாளி நன்றாக இருக்கிறார் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு, மோசம் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. ஒரே ஆள், கிடைத்த ஆர்டருக்குத் தகுந்தபடி காவல்காரனாகவும் கைக்கூலியாகவும் நடந்துகொள்கிறான். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சர்வீஸில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்லீரல் ஜங்ஷனில் நடப்பது இன்னும் சுவாரஸ்யம். அங்கே நிரந்தரமாகக் காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ்களை 1876-இல் குஃப்பர் என்ற ஜெர்மானியர் விவரித்தார். அவர் பெயரே அவற்றுக்கு. குடலிலிருந்து வந்து இறங்கும் புற்று அணுக்களில் பெரும்பாலானவற்றை அவை விழுங்கிவிடுகின்றன. எலியில் அவற்றை முன்கூட்டியே நீக்கிவிட்டால் கல்லீரலில் கட்டிகள் பெருகுகின்றன. ஆனால் நியூட்ரோஃபில்களுக்கு ஒரு குணம் உண்டு. கிருமிகளைப் பிடிக்கத் தம் உட்கருவின் இழைகளையே வலைபோல வெளியே வீசும். 2004-இல்தான் இது தெரிய வந்தது. இந்த வலையில் கிருமி மட்டுமா சிக்கும்? இரத்தத்தில் மிதந்து வரும் புற்று அணுவும் சிக்கி, அழியாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு குடியேறுகிறது. கல்லீரல் ஆபரேஷன் செய்துகொண்ட பெருங்குடல் புற்று நோயாளிகளையும் எலிகளையும் ஆராய்ந்த பிட்ஸ்பர்க் மருத்துவர்கள், அறுவையின் அதிர்ச்சியே இந்த வலைகளைக் கிளப்பிவிடுகிறது என்று 2016-இல் எழுதினார்கள். மீன் பிடிக்க வீசிய வலை, முதலைக்குத் தங்க இடமாகிற கதை.

இனி நல்ல பக்கம். அத்திம்பேர் ரிப்போர்ட்டில் இருந்த லிம்ஃபோசைட் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. 2006-இல் பாரிஸைச் சேர்ந்த ஜெரோம் காலோன் குழுவினர், ஆபரேஷனில் எடுத்த பெருங்குடல் கட்டிகளை வைத்துக்கொண்டு ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்கள். டி செல்கள் எத்தனை, எந்த வகை, எங்கே நிற்கின்றன? கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் தனித்தனியாக எண்ணினார்கள். டி செல் நெருக்கமாக நின்ற நோயாளிகளுக்கு நோய் திரும்பவில்லை. சொற்பமாக இருந்தவர்களுக்குத் திரும்பியது. கட்டி எவ்வளவு ஆழம் போயிற்று, கணுவில் இருக்கிறதா என்று பார்க்கும் பழைய கணக்கைவிட இந்தக் கணக்கு துல்லியமாக இருந்தது. அதற்கு 'இம்யூனோஸ்கோர்' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு ஊரில் கண்டதை உலகம் நம்பிவிடாது. 13 நாடுகளில் 14 மையங்கள் சேர்ந்து சோதித்தன. நம் நாட்டிலிருந்து அகமதாபாதில் உள்ள குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் அதில் ஒன்று. 2018-இல் வெளியான அந்த ஆய்வில் 2681 நோயாளிகள். முதல் தொகுப்பில் ஐந்து ஆண்டுக்குள் நோய் திரும்பியது யாருக்கு? டி செல் நெருக்கம் அதிகம் இருந்தவர்களில் 100-க்கு 8 பேர், நடுத்தரமாக இருந்தவர்களில் 19 பேர், குறைவாக இருந்தவர்களில் 32 பேர். எட்டுக்கும் முப்பத்திரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். எல்லோரும் ஒரே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான்.

ஏன் 'விளிம்பு' என்று இத்தனை அழுத்திச் சொல்கிறார்கள் என்று நண்பரைக் கேட்டேன். கட்டி நல்ல திசுவுக்குள் நுழைவது விளிம்பில்தான். வேலி அங்கே வேண்டும் என்றார். சில கட்டிகளில் டி செல்கள் ஏராளமாக வந்து வாசலிலேயே நின்றுவிடும், உள்ளே போகாது. சுற்றியுள்ள நார்த்திசு அணுக்கள் சுரக்கும் டி.ஜி.எஃப். பீட்டா என்ற பொருள் அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. 2018-இல் பார்சிலோனா விஞ்ஞானிகள் எலிகளில் அந்தப் பொருளை முடக்கியபோது டி செல்கள் உள்ளே பாய்ந்தன; கல்லீரலுக்குப் பரவுவது தடைப்பட்டது.

உள்ளே போனாலும் வேலை நடக்கும் என்று நிச்சயமில்லை. டி செல்லின் மேல் அபாயச் சங்கிலி மாதிரி ஒன்று தொங்குகிறது. அளவுக்கு மீறித் தாக்கி நம் சொந்தத் திசுவையே நாசம் செய்யாமல் இருப்பதற்காக உடம்பு வைத்த பாதுகாப்பு அது. புற்று அணு அந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்து வண்டியை நிறுத்திவிடுகிறது. இந்தச் சங்கிலிகளைக் கண்டு, இழுக்க விடாமல் தடுக்க வழி சொன்ன ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு. அந்த மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் பெருங்குடல் புற்றில் அவை எல்லோருக்கும் பயன்படவில்லை. டி.என்.ஏ. நகல் எடுக்கும்போது வரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு சிலர் கட்டியில் பழுதாகியிருக்கும். அந்தக் கட்டி பிழை மேல் பிழையாக இருப்பதால் டி செல்களுக்கு அதை அடையாளம் காண்பது சுலபம். அப்படிப்பட்டவர் சுமார் 100-க்கு 15 பேர். நோய் பரவிய நிலையில் உள்ளவர்களில் 5 பேர்கூட இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு மட்டும் இந்த மருந்து நன்றாகப் பலிக்கிறது. 2022-இல் நியூயார்க்கில் இத்தகைய மலக்குடல் புற்று உள்ள 12 பேருக்கு இந்த வகை மருந்தை மட்டும் கொடுத்தார்கள். ஆபரேஷன் இல்லை, கதிர்வீச்சு இல்லை. 12 பேருக்கும் கட்டி மறைந்துவிட்டது. மற்ற 85 பேருக்கு என்ன வழி என்பதில்தான் ஆராய்ச்சி முட்டிக்கொண்டு நிற்கிறது. பெருங்குடல் புற்று என்று தெரிந்தால், இந்தத் திருத்தும் ஏற்பாட்டுக்கான பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் தவறாமல் கேளுங்கள். வைத்தியத்தையே மாற்றக்கூடிய விஷயம் அது.

அத்திம்பேர் கட்டியில் அந்தப் பழுது இல்லை. ஆனால் கணுக்களில் நோய் இல்லை, குடலில் அடைப்போ ஓட்டையோ ஏற்படவில்லை, விளிம்பில் காவல் நெருக்கம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, "கீமோதெரபி வேண்டாம், கண்காணிப்பு போதும்" என்றார் டாக்டர். அந்த ஒரு வரியை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை. அதுவும் தராசில் ஏறியது.

இவ்வளவு நல்ல காவல் இருந்தும் அவர் மயிரிழையில்தான் தப்பினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. அதற்கு முன் எட்டு மாதம் அவருக்கு மலத்தில் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். அக்கா தினமும் கருணைக்கிழங்கு மசியல் செய்து போட்டாள். போய்ப் பார்த்த ஒரு டாக்டர், கை வைத்துச் சோதிக்காமலே களிம்பு எழுதிக் கொடுத்தார். காளிகாட் மெட்ரோ ஸ்டேஷன் படி ஏற முடியாமல் மூச்சு வாங்கி, இரத்தம் குறைந்திருப்பது தெரிந்து, அதன் பிறகே கொலோனோஸ்கோபி.

நூறு வருஷத்துக்கு முன்னும் இதே கதை நடந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920-களில் மலக்குடல் புற்றால் இறந்தார். சீதபேதி என்று நினைத்து வைத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1954-இல், அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். டாக்டர் சாந்தா அங்கே வாழ்நாள் முழுதும் உழைத்து 2021-இல் காலமானார். நம் ஊரிலும் குறைவில்லை. லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஹாஜ்ராவில் உள்ள சித்தரஞ்சன் மருத்துவமனையை 1950-இல் திறந்து வைத்தவர் மேரி கியூரியின் மகள் ஐரீன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து என்ன, நாம் போனால்தானே? மலத்தில் இரத்தம் போனால், மூலம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்தவர்கள்கூட, உள்ளே பார்க்காமல் விடக்கூடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

கடைசியாக ஆஸ்பிரின் சமாசாரம். இதைப் பற்றி எழுதினால் அன்பர்கள் உடனே மருந்துக்கடைக்குப் போய்விடுவார்களோ என்று தயங்கினேன். தினமும் சிறிதளவு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்று பரவுவது குறைகிறது என்பது பல வருஷமாகத் தெரிந்த விஷயம். ஏன் என்று தெரியாமலிருந்தது. 2025 மார்ச்சில் கேம்பிரிட்ஜில் ராகுல் ராய்சௌதுரி குழுவினர் (பெயரைக் கேட்டதுமே எங்கள் மாடி வீட்டு வங்காளி நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்) எலிகளில் காரணத்தைக் காட்டினார்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் த்ராம்பாக்ஸேன் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது டி செல்லை மந்தப்படுத்துகிறது. ஆஸ்பிரின் அந்தச் சுரப்பை நிறுத்துவதால் டி செல் விழித்துக்கொண்டு, புதிதாகக் குடியேற வந்த புற்று அணுவைத் தீர்த்துக் கட்டுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன் முதலிய நான்கு வட நாடுகளின் ஆய்வு வெளியானது. பி.ஐ.3.கே. என்ற மரபணு வரிசையில் மாற்றம் உள்ள பெருங்குடல், மலக்குடல் புற்று நோயாளிகளுக்கு ஆபரேஷனுக்குப் பின் தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் மூன்று வருஷம் கொடுத்ததில் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த மாற்றம் மூவரில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்களிடம் இருக்கிறது. மருந்தோ, பஸ் டிக்கெட் காசுக்குக் கிடைப்பது. ஆனால் வயிற்றிலும் மூளையிலும் இரத்தக் கசிவு உண்டாக்கக்கூடியது. டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது.

அத்திம்பேரும் கேட்டார். அவர் கட்டியில் அந்த மாற்றம் இல்லை என்று சோதனையில் வந்தது. போதாததற்குப் பழைய வயிற்றுப்புண் வேறு. "உனக்கு வேண்டாம்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனை நடக்கிறது. ஒரு வருஷம் முடிந்ததும் எடுத்த கொலோனோஸ்கோபியில் ஒரு சிறு பாலிப் இருந்தது. அங்கேயே எடுத்துவிட்டார்கள், புற்று இல்லை. இப்போது லேக் மார்க்கெட்டுக்குக் காப்பிப்பொடி வாங்க அவர்தான் போகிறார். எனக்கும் சேர்த்து அரைக் கிலோ, சிக்கரி கலக்காமல்.